பூங்கா யாருடைய கொடை?

செங்கல்பட்டிலிருந்து திண்டிவனம் வரை, ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரை, நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் மனைத் தொழிலின் நன்கொடை தவறாமல் கண்ணில் படுகிறது. பேருந்து நிழற்குடையின் நெற்றியில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். கோவில் வளைவில் உபயக் கல்வெட்டு இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி, திருவிழாவுக்கு அன்னதானம், ஊர்ப் பையன்களின் கிரிக்கெட் அணிக்குச் சீருடை என்று பட்டியல் நீளும். இவற்றைப் பார்த்துப் பார்த்து ஒரு கருத்து ஊருக்குள் ஊறிப்போயிருக்கிறது. லே-அவுட் வந்ததால்தான் ரோடு வந்தது, தெருவிளக்கு வந்தது, நிலத்துக்கு விலை வந்தது. புரமோட்டரும் கேட்டதைச் செய்து கொடுக்கிறார், அவரிடம் போய்க் கேள்வி கேட்பது ஊர் வளர்ச்சியைக் கெடுப்பது என்பதே அந்தக் கருத்து. டீக்கடையில் பேசுகிறவர்களும், ஊராட்சித் தலைவர்களும், நாளிதழ்களின் சொத்து இணைப்புகளும் இதையே சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களும் இவர்களில் நிறைய உண்டு. ஆனால் இந்தக் கருத்து தவறானது. ஊருக்குக் கேடும் செய்கிறது. ஊருக்குச் சட்டப்படி சேரவேண்டியதை அது நன்கொடையாகக் காட்டுகிறது. அப்படிக் காட்டியதால், ஊர் தன் பங்கைக் கேட்டு வாங்கும் பழக்கத்தையே இழந்துவருகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. அவற்றின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்தால், சாலைகள் போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக விட்டு, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து தரவேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்தையோ அதன் மதிப்பையோ தரலாம். உட்சாலைகளையும் இப்படித்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். 5 ஏக்கர் மனைப்பிரிவை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு 30 விழுக்காடு போனால் மூன்றரை ஏக்கர் மிஞ்சும். அதில் பத்தில் ஒரு பங்கு 35 சென்ட். சதுர அடியில் 15,246. அதாவது 1,200 சதுர அடி மனையாக விற்றால் பன்னிரண்டு மனைக்கு மேல் தேறும் நிலம் அது. அந்த நிலம் ஊராட்சியின் சொத்து, சட்டம் வாங்கித் தந்த சொத்து. அதில் ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்து, வாசலில் நிறுவனத்தின் பெயரைப் பொறித்துத் திறப்புவிழா நடத்தினால், ஊர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்கிறது. உட்சாலையும் அப்படித்தான். சாலை இல்லாமல் மனை விற்காது, ஒப்புதலும் கிடைக்காது. தன் சரக்கை விற்பதற்காகப் போட்ட சாலைக்கு நன்றி எதிர்பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது.

கொடுத்ததாகச் சொல்லப்படுவது இது என்றால், எடுத்துக்கொண்டது என்ன என்பதைப் பெரும்பாலான ஊர்களில் யாரும் எழுதி வைப்பதில்லை. நஞ்சை நிலம் மனையாகும்போது முதலில் மறைவது வாய்க்கால். பொதுப்பணித் துறையின் வாய்க்காலையோ, வருவாய்த் துறைப் பதிவில் புறம்போக்காக உள்ள ஓடையையோ நான் சொல்லவில்லை. அவை புலப்படத்தில் கோடாக இருக்கின்றன, குறைந்தபட்சம் வழக்குப் போடவாவது ஆதாரம் உண்டு. ஒரு மடையிலிருந்து இன்னொரு மடைக்கு, ஒரு பட்டாதாரரின் வரப்போரமாக அடுத்த பட்டாதாரரின் வயலுக்கு, முழங்கை அகலத்தில் ஓடும் கிளை வாய்க்கால்களைச் சொல்கிறேன். உழவர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொடுத்தவை இவை. பட்டா நிலத்துக்குள் கிடப்பதால் பல இடங்களில் எந்தப் படத்திலும் இருக்காது. மேலே உள்ள ஐந்து ஏக்கரில் கிராவல் கொட்டி இரண்டடி உயர்த்தியதும், கீழே உள்ள கடைமடைக்காரரின் நிலத்துக்கு நடவுக் காலத்தில் தண்ணீர் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்தால் வெள்ளம் வடிய வழியில்லாமல் அதே நிலத்தில் நிற்கிறது. இரண்டு போகம் இப்படிப் போனால் மூன்றாவது ஆண்டு அவரும் புரோக்கரைத் தேடிப் போகிறார். அவர் விற்றதைத் தாமாக முன்வந்து விற்றதாகப் பத்திரம் சொல்லும். அந்த ஊரில் விவசாயம் கட்டுப்படியாகாது என்ற பேச்சுக்கு அவர் நிலமும் ஒரு சான்றாகிவிடும்.

இந்த இழப்பின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதற்கு 2015 டிசம்பர் வெள்ளமே போதுமான சாட்சி. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின; மக்களைப் படகில் மீட்கவேண்டியிருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டதைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் இந்தப் பகுதிகள் செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கும் மேலே இருக்கின்றன. மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஏரிகளின் கலங்கல் தண்ணீர் அடையாற்றுக்கு வந்து சேரும் தாழ்வான நிலம் அது. அங்கே மனை பிரித்தவர்கள் விற்றுவிட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பின்னர் ஆற்றை அகலப்படுத்தியதும், மூடுவாய்க்கால் கட்டியதும் பொதுப்பணத்தில். மனையின் லாபம் ஓர் இடத்துக்குப் போகிறது, மழைநீரின் செலவு இன்னோர் இடத்தில் விழுகிறது. நடுவில் ஒரு நிழற்குடையும் சில மின்விசிறிகளும் நிற்கின்றன. இவற்றை ஒரே தராசில் வைத்து ஊருக்கு லாபம் என்று சொல்ல முடியாது.

நன்கொடை உறவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னும் பெரிய சான்று ஒன்று உண்டு. பல ஆண்டுகள் தமிழ்நாடு முழுக்கப் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் மனைகள் விற்றன. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படியான தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல், ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த ஒரு வரைபடம் மட்டுமே அதற்கு ஆதாரம். மனைப்பிரிவுக்குத் தனியாக ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. ஆனாலும் கையெழுத்துக் கிடைத்தது. திருவிழாவுக்குக் கேட்டதும் தருகிற, கோவிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருகிற ஒருவர் நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போட மறுப்பது ஊரில் எளிதான காரியமா? வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று ஒப்புதலில்லா மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அதன் பிறகுதான் எத்தனை குடும்பங்களின் சேமிப்பு இப்படி முடங்கியிருக்கிறது என்பது வெளியே தெரிந்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன; 2016 அக்டோபர் 20 வரம்பு நாளாயிற்று; காலக்கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. வரன்முறைக் கட்டணத்தையும் வளர்ச்சிக் கட்டணத்தையும் கட்ட வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் மனை வாங்கியவர்கள்தாம். அந்த மனைப்பிரிவுகள் பலவற்றில் பூங்காவுக்கு இடமே விடப்படவில்லை. ஊருக்குச் சேரவேண்டிய நிலம் மனையாகி விற்றுப்போயிருந்தது. அதே ஊர்களில் உபயக் கல்வெட்டுகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். நிலம் உழவனுடையது, விளைச்சலுக்கு விலையில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை, மகள் கல்யாணமும் வங்கிக் கடனும் கழுத்தை நெரிக்கின்றன, நல்ல விலை வரும்போது விற்காதே என்று சொல்ல ஊருக்கு என்ன உரிமை? விற்காதே என்று நான் சொல்லவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே. இவ்வளவு சிறு நிலத்தை வைத்துக்கொண்டு திணறும் ஒருவரிடம் ஊர்ப்பற்றைக் காட்டித் தடுப்பது கொடுமை. ஆனால் அவர் விற்பது ஏக்கர் கணக்கில். அதே நிலம் கைமாறிப் போவது சதுர அடிக் கணக்கில். சாலையும் பூங்காவும் போனபின் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 27,000 சதுர அடி விற்பனைக்கு நிற்கும். இந்தக் கணக்கை உழவருக்கு உட்கார்ந்து சொல்லித் தருகிற தரகர் அரிது. உழவருக்கு அட்வான்ஸ் கொடுத்து, பவர் பத்திரம் எழுதி வாங்கி, மனை விற்க விற்கப் பணம் தருகிற ஏற்பாடும் உண்டு. விற்பனை நின்றால் நிலமும் இல்லை, பணமும் இல்லை. உழவனின் விற்கும் உரிமைக்காக வாதாடுகிறவர்கள் அவனுக்கு நியாயமான விலை கிடைக்கவும் வாதாடவேண்டும். தன் நிலத்தை விற்கும் உரிமையோடு, பக்கத்து நிலத்துக்காரனின் தண்ணீரை அடைக்கும் உரிமை சேர்ந்து கைமாறுவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

நிலத்துக்கு விலை ஏறியதால் ஊரே செழித்தது என்ற பேச்சு, ஊரில் எல்லாருக்கும் நிலம் இருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் பயிரிடுவோர் சுமார் 42 லட்சம் பேர்; விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். ஊரில் மண்ணை நம்பிப் பிழைப்பவர்களில் மூவரில் இருவருக்கு மேல் கூலியை நம்பி இருப்பவர்கள். நிலம் விற்ற பணத்தில் அவர்களுக்கு ஒரு பைசா கிடையாது. நடவு, களை, அறுப்பு என்று ஆண்டில் சில மாதங்கள் கிடைத்த வேலை போகிறது. வரப்புப் புல்லை நம்பி வைத்திருந்த இரண்டு மாடு போகிறது. நாளைக்கு மகனுக்கு ஒரு மூன்று சென்ட் வாங்கலாம் என்றால், சொந்த ஊரிலேயே அந்த விலை கைக்கு எட்டாமல் போய்விட்டது. காலனித் தெருவில் ஒரே வீட்டுக்குள் மூன்று குடும்பம் அடைந்து கிடக்க, ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான மனைகள் வண்ணக் கல் நட்டுக் காலியாகக் கிடப்பதை வளர்ச்சி என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டட வேலை கிடைக்கிறதே என்பார்கள். வீடு கட்டினால் கிடைக்கும். முதலீட்டுக்காக வாங்கிய மனையில் பல ஆண்டுகளுக்கு வளர்வது சீமைக்கருவேலம்தான்.

ஊராட்சிக்கு வருமானம் வருகிறதே என்பது அடுத்த மறுப்பு. இது உண்மை, அதன் அளவோடு. 2023 ஏப்ரல் 1 முதல் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. அந்த ஏழில் 2 விழுக்காடு சொத்து மாற்றத்தின் மேல்வரியாக உள்ளாட்சிகளுக்கு உரியது. மனை விற்பனை சூடுபிடித்த ஊராட்சிகளுக்கு இது பெரிய தொகைதான். ஆனால் அது பத்திரம் பதியும்போது மட்டும் வருவது. விற்பனை அடங்கினால் வரவும் அடங்கும். செலவு அப்படி அடங்காது. தானமாக எழுதி வாங்கிய சாலையைப் பராமரிப்பது, விளக்குக்கு மின்கட்டணம் கட்டுவது, மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓட்டுவது, குப்பை அள்ளுவது எல்லாம் ஊராட்சியின் தலையில் நிரந்தரமாக ஏறுகின்றன. கிராம ஊராட்சியின் முதன்மையான வரி வீட்டுவரி. வீடே எழும்பாத மனையிலிருந்து அது வராது. நூறு மனையில் எட்டு வீடு இருக்கும் நகரில், எட்டு வீட்டுக்காகத் தெரு முழுக்க விளக்கு எரியவேண்டும். வரவைச் சொல்லும்போது செலவையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கணக்கு.

மனிதர்கள் மனமுவந்து கொடுக்கிற நன்கொடையும் உண்டு, அதை ஏன் கொச்சைப்படுத்தவேண்டும் என்று சிலர் வருந்தலாம். உண்மையாகவே பள்ளிக்கு ஒரு வகுப்பறை கட்டித் தந்தவர்கள் இருக்கலாம். அந்த வகுப்பறையில் படிக்கும் குழந்தைக்கு அது நன்மைதான். பணம் எந்த வழியில், யாருடைய கையில், எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் என் எதிர்ப்பு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு சமூகப் பொறுப்புச் செலவைக் கட்டாயமாக்குவது 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகிய மூன்றில் ஒன்றையாவது எட்டிய நிறுவனங்களுக்கு. ஊர் ஊராக மனை போடும் சிறு நிறுவனங்களும் கூட்டு வணிகங்களும் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள் வருவதில்லை. எனவே அவர்கள் கொடுப்பதற்குப் பொதுவில் கணக்கு இல்லை. அது விழாக் குழுவிடமோ, ஊர்ப் பெரியவர் ஒருவரிடமோ, ரொக்கமாகப் போகிறது. பெரும்பாலும் மனைப்பிரிவு வேலை தொடங்கும் காலத்தில் போகிறது. வாய்க்கால் மூடப்படுவதைக் கேட்கவேண்டிய வாய்கள் அந்த நேரத்தில் மரியாதைக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன. கோவில் வேலைக்குக் கொடுத்தவரை எதிர்த்துப் பேசினால் சாமி காரியத்துக்குக் குறுக்கே நிற்பவன் என்ற பெயர் வரும். விற்பனைச் செலவில் ஒரு சிறு பங்கைப் போட்டு இவ்வளவு பெரிய மௌனத்தை வாங்க முடிகிறது என்றால், அந்தப் பணம் ஊருக்கு உதவி செய்ததா, ஊரைக் கட்டிப்போட்டதா என்று கேட்கத்தான் வேண்டும். கொடுக்க விரும்புகிறவர் ஊராட்சிக் கணக்கில் காசோலையாகக் கொடுக்கட்டும், கிராம சபைத் தீர்மானத்தில் அது பதிவாகட்டும், மனைப்பிரிவு ஒப்புதல் முடிந்தபின் கொடுக்கட்டும். அப்போதும் கொடுக்கிறவரை ஊர் மனதாரப் பாராட்டலாம்.

மனைத் தொழில் செய்கிறவர் ஊருக்கு உண்மையாகவே உதவ வழி இல்லையா? நிறைய இருக்கிறது, அதற்குப் பணம்கூட அதிகம் தேவையில்லை. உள்ளூர்த் தரகருக்குத் தெரிந்த அளவு நிலத்தைப் பற்றி வட்டாட்சியர் அலுவலகத்துக்கே தெரியாது. எந்த வயலில் எந்த மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்தப் பட்டாவில் பங்காளித் தகராறு, எது கோவில் நிலம், எது பஞ்சமி நிலமாக இருந்து கைமாறியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த அறிவை வாங்குகிறவரிடம் ஒளிக்காமல் சொல்வதே அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய பொதுத்தொண்டு. 2016 ரியல் எஸ்டேட் சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டத்தை ரெரா என்ற ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விற்கக்கூடாது. அப்படிப்பட்ட திட்டங்களை விற்றுத் தரும் முகவரும் பதிவு செய்யவேண்டும். பொய்யான தகவல் தந்து விற்பது சட்டப்படி குற்றம். பதிவு செய்யாத முகவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வழிகாட்டுவது, வில்லங்கச் சான்றைப் படித்துச் சொல்வது, அளவைப் பிழையைத் திருத்த மனு எழுதித் தருவது எல்லாம் ஊர்க்காரருக்கு அன்றாடம் தேவைப்படுகிற உதவிகள். இப்படிச் செய்கிற தரகர்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த நிழற்குடையிலும் இருப்பதில்லை.

கடைசியாக ஓர் அச்சம். இவ்வளவு கேட்டால் புரமோட்டர் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார், நம் ஊர் பின்தங்கிவிடும் என்பார்கள். நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் ரயில் நிலையமும் பக்கத்து ஊருக்கு நகர்ந்து போகாது. மனைக்கு விலை வருவது அவற்றால்தான். ஒதுக்கீடும் பதிவும் பக்கத்து ஊருக்கும் அதே விதிதான். ஊர் கேட்கவேண்டியதும் புதிதாக ஒன்றுமில்லை. மனைப்பிரிவு ஒப்புதலில் கிராம சபையின் கருத்தைக் கேட்கும் கட்டாயம் இன்று இல்லை, இருக்கவேண்டும். அந்தத் திருத்தத்தை அரசிடம் கேட்கலாம். அதுவரை கைவசம் இருக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த யாரும் தடுக்கவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. தங்கள் எல்லைக்குள் வந்த ஒவ்வொரு மனைப்பிரிவின் தானப் பத்திரத்தையும் அந்தக் கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லலாம். எத்தனை சென்ட், எந்த சர்வே எண், வேலி இருக்கிறதா, யாராவது ஆக்கிரமித்திருக்கிறார்களா என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றலாம். பட்டா நிலத்துக்குள் ஓடும் வாய்க்கால்களை ஆயக்கட்டுக்காரர்களை வைத்தே வரைந்து, அந்த வரைபடத்தைத் தீர்மானத்தோடு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்பி வைக்கலாம். கிராவல் லாரி வருவதற்கு முன்னால் அந்த வரைபடம் கோப்பில் இருந்தால், கடைமடைக்காரர் மனு கொடுக்கப் போகும் நாளில் அவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.